செயற்கை மூளை ஸ்கேன்: சிறுமூளைப் பக்கம் போகாதவரை நல்லது

இந்த மொடலை நான் திட்டாத வாரம் கிடையாது. அதை வைத்துப் படிப்பிக்காத வாரமும் கிடையாது.

எதுவென்று சொல்கிறேன்: யூ.கே. பயோபேங்க் என்ற பிரித்தானிய மருத்துவத் தரவுத் தொகுப்பின் 31,740 எம்.ஆர்.ஐ. படங்களில் கற்ற டிஃபியூஷன் மொடல், அதாவது வெறும் புள்ளி இரைச்சலிலிருந்து படிப்படியாகப் படத்தை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு. வயது, பால், மூளையின் அளவு, மூளையறைகளின் (மூளைக்கு நடுவே திரவம் நிறைந்த குழிகளின்) அளவு ஆகியவற்றைக் கொடுத்தால் முழு மூளையையும் முப்பரிமாணத்தில் ஆக்கித் தரும்.

திருகோணமலையில் பிள்ளைகளுக்குப் பட ஆய்வு சொல்லிக்கொடுக்கும் எனக்கு இது பெரிய உதவி. உண்மையான நோயாளியின் ஸ்கேனை வகுப்புக்குக் கொண்டுபோக ஏலாது, கூடவும் கூடாது. இதிலோ மூளையறை எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், படத்தின் நடுவில் அந்த அறைகள் காட்டும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறகை விரிக்கும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

ஆனால் அந்தச் சிறுமூளை! அங்குள்ள மடிப்புகள் ஓரிரு மில்லிமீற்றர் தடிப்புத்தான். மொடலோ படத்தை நேரடியாக வரைவதில்லை. 160×224×160 படத்தை 20×28×20 ஆகச் சுருக்கி, அந்தச் சுருக்கத்துக்குள்தான் கணக்குப் போடுகிறது. அதாவது 512 வொக்சல்களுக்கு (முப்பரிமாணப் படத்தின் புள்ளிகளுக்கு) ஒரு பெட்டி. திரும்ப விரிக்கும்போது மெல்லிய மடிப்பு எங்கே மிஞ்சும்? தூரத்தில் பார்த்தால் கோடுகள் இருக்கிற மாதிரித்தான் தெரியும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால் பாதி வழியில் காணாமல் போய்விடும். சுருக்காவிட்டால் என் மெஷினில் இது ஓடவே ஓடாது என்பது நியாயம்தான். நியாயம் தெரிந்தால் எரிச்சல் அடங்கிவிடுமா? படம் வந்ததும் கண் நேரே அங்கேதான் போகிறது.

வேகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாதியில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான். இருபது வயது மூளை கேட்டும் பயனில்லை. பயோபேங்க் ஆட்களைச் சேர்த்ததே 40 முதல் 69 வயதுவரை.

இதற்கென்றே பழைய கிராபிக்ஸ் கார்ட் ஒன்றை விலைபேசி வைத்திருக்கிறான் நிலாவெளி நண்பன். வேண்டாம் மச்சான். நீ செய்வது ஸ்கேன் படத்தில் மூளைக் கட்டிகளைப் பிரித்தெடுக்கும் வேலை. இங்கே கட்டி கேட்க ஓர் எண்ணும் இல்லை. கேட்கிற மற்றவர்களுக்கும் இன்றைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். போன மாதம் கேட்டிருந்தால் கட்டாயம் எடுங்கள் என்றிருப்பேன், வண்ணத்துப்பூச்சியைக் காட்டி.