கணுக்கால் முறிஞ்சு 8 மாசம்: கிரட்சஸ், பூட், கைத்தடி, அப்புறம் ஒரு எடை மிஷின்

மழையில நனைஞ்ச வாய்ட் டெக் (சிங்கப்பூர்ல அடுக்குமாடி வீட்டுக்குக் கீழ இருக்கற திறந்த தளம்) படியில வழுக்கி வலது கணுக்கால்ல ரெண்டு பக்கமும் எலும்பு முறிஞ்சுது, பிளேட்டு ஸ்க்ரூ வச்சு ஆபரேஷன். முதல் 6 வாரம் கால் தரையில படவே கூடாதுன்னுட்டாங்க. அதுக்கப்புறம் 42 வயசுல நடை பழகினேன்.

கிரட்சஸ்ல அக்குளை வச்சு சாயாதீங்க, மேல் பேடுக்கும் அக்குளுக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் இடைவெளி இருக்கணும், பாரமெல்லாம் உள்ளங்கையிலதான். நான் கேக்காம சாய்ஞ்சு நடந்து கைவிரல் மரத்துப் போச்சு. அடி ரப்பர் தேய்ஞ்சா உடனே மாத்திடுங்க, டேக்கா மார்க்கெட் மீன் கடை பக்கம் ஈரத்தரையில ஒரு தடவை சர்ருனு போனப்ப உசிரே போயிடுச்சு.

பூட் (முறிஞ்ச கணுக்காலை அசையாம பிடிச்சுக்கற பெரிய காலணி) நல்ல சாமான்தான், ஆனா நம்ம ஊர் புழுக்கத்துக்கு உள்ள ஒரே வேர்வை நாத்தம், நீள காட்டன் சாக்ஸ் நாலு ஜோடியாவது வேணும். அடி தடிமனா இருக்கறதால இடுப்பு ஒரு பக்கமா இழுத்து வலிச்சுது, இடது காலுக்கு தடி அடி ஷூ போடுங்கன்னு பிசியோ சொன்னப்புறம்தான் சரியாச்சு.

இருக்கறதுலயே உருப்படியா உழைச்சது பழைய எடை மிஷின். ‘20 கிலோ மட்டும் ஊனுங்க’ன்னு சொல்லிடறாங்க, 20 கிலோன்னா எவ்வளவுன்னு காலுக்கு எப்படித் தெரியும்? மிஷின் மேல அடிபட்ட கால், பக்கத்துல அதே உயரத்துக்கு பழைய டெலிபோன் புக் அடுக்கி அதுமேல நல்ல கால், கிச்சன் மேடையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா அழுத்தி முள்ளு 20க்கு வர்ற வரைக்கும் பாக்கணும். முள்ளு வச்சதுதான் சரி, டிஜிட்டல் ஒரு நம்பரைக் காட்டிட்டு அப்படியே நின்னுடுது.

பூட்டைக் கழட்டின அன்னைக்கு அழுகையே வந்துடுச்சு. குதிகால் முதல்ல, விரல் கடைசியாங்கற வரிசையே காலுக்கு மறந்துபோச்சு, பலகை மாதிரி தட்டுத்தட்டுன்னு வைக்குது, கெண்டைக்கால் பாதியா மெலிஞ்சு கிடக்கு. கைத்தடியை நல்ல கால் பக்க கையில பிடிக்கணும், எல்லாரும் மாத்திப் பிடிக்கறாங்க. படி ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது அடிபட்டது முதல்ல.

ரோடு தாண்டறதுதான் பெரிய கூத்து. கிரீன் மேன் பிளஸ் இருக்கற சிக்னல்ல வயசானவங்க சீனியர் கார்டைத் தட்டினா, ரோடு தாண்டற பச்சை விளக்கு 3லருந்து 13 செகண்ட் வரைக்கும் கூடுதலா கிடைக்கும், என்கிட்ட ஏது அந்த கார்டு? மாமியார் கூடவே வந்து அவங்க கார்டைத் தட்டுவாங்க. 71 வயசுக்காரங்க விறுவிறுன்னு தாண்டி எதிர்ப்பக்கம் நின்னுட்டு ‘மெதுவா வாம்மா, இன்னும் டைம் இருக்கு’ன்னு கத்துவாங்க, நான் நடு ரோட்டுல.

இப்பவும் சாயங்காலம் லேசா வீங்குது, குந்தி உக்கார முடியல, பொங்கலுக்கு கோலம் ஸ்டூல்ல உக்காந்துதான் போட்டேன். பூட்டைத் துவைச்சு ஸ்டோர் ரூம்ல வச்சிருக்கேன், யாருக்காவது ஆகும்னா மாமியார் விடமாட்டேங்கறாங்க, அந்த சனியனை வீட்டுல வச்சா இன்னொருத்தர் காலை உடைச்சிக்குவாங்களாம்.