கலந்து கட்டும் சைக்கிள்: எதோடு எது சேரும்?

நான் முதலில் கட்டிய சைக்கிளில் ஒவ்வொரு பாகமும் நல்ல பாகம்தான். சைக்கிள்தான் சரியில்லை. பழைய காலிப்பர் பிரேக்கோடு (ஒற்றைத் துளையில் மாட்டி ரிம்மைக் கவ்வும் வகை) வந்த லீவர் ஒரு ஜோடி, மவுண்டன் பைக்கிலிருந்து கழற்றிய வி-பிரேக் (இரண்டு முளைகளில் இரண்டு நீளக் கைகள் நிற்கும் வகை) ஒரு ஜோடி. தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் குறை சொல்ல முடியாது. முதல் நாள் இறக்கத்தில் லீவரை அழுத்தினேன். அது ஹேண்டில்பாரைத் தொட்டே விட்டது. பிரேக் கட்டையோ அப்போதுதான் ரிம்மை உரசத் தொடங்கியிருந்தது. காலைத் தரையில் தேய்த்துத்தான் நின்றேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தால் காரணம் எளிது. வி-பிரேக்குக்குக் கேபிள் நிறைய இழுபட வேண்டும். காலிப்பருக்கு ஏறக்குறைய அதில் பாதி போதும். என் லீவர் பாதிதான் இழுத்தது. இதையே திருப்பிப் போட்டாலும் வம்புதான். வி-பிரேக் லீவரைக் காலிப்பரோடு சேர்த்தால் கைக்குக் கல் மாதிரி உறுதியாக இருக்கும், ஆனால் வண்டி நிற்காது.

கடையில் முழுதாக வாங்கும் சைக்கிளில் இந்தக் கவலையெல்லாம் வேறு யாரோ நமக்காகப் பட்டு முடித்திருப்பார்கள். நாமே கட்டும்போது அது நம் தலையில் விழுகிறது. அதனால் தினமும் வேலைக்குப் போய்வர ஒரு சைக்கிள் கட்டுகிறவர், எது உசத்தி என்று பார்ப்பதற்கு முன் எது அடுத்த பாகத்துக்கு வழி விடுகிறது என்று பார்க்க வேண்டும். கீழே உள்ள ஒப்பீடு முழுவதையும் அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன்.

ஃபிரேம்: மூன்று வழிகள்

அடித்தளமாக மூன்று வகை ஃபிரேம்கள் கிடைக்கும். ஒன்று, பழைய ஸ்டீல் ரோடு ஃபிரேம். இரண்டு, முன் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவட்டையில்) சஸ்பென்ஷன் இல்லாத 26 அங்குல ஸ்டீல் மவுண்டன் பைக் ஃபிரேம். மூன்று, டிஸ்க் பிரேக்குக்கு இடம் வைத்த புதிய அலுமினிய ஃபிரேம்.

பார்க்க அழகு முதலாவதுதான், சந்தேகமே இல்லை. மெல்லிய குழாய்கள், லேசான எடை. பழைய ரோடு ஃபிரேம்கள் பலவற்றில் பின் ஆக்சில் உட்காரும் வெட்டு கிடைமட்டமாக இருக்கும். சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்திச் செயினை இறுக்கலாம் என்பதால், கியர் இல்லாமல் ஒற்றைப் பல்சக்கரத்தில் ஓட்ட நினைப்பவருக்கு இது வரப்பிரசாதம். சிக்கல் பின்பக்க அகலத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து 5 கியர் ஃபிரேமில் இரண்டு வெட்டுகளுக்கும் நடுவே 120 மி.மீ., 6 அல்லது 7 கியர் ஃபிரேமில் 126. பின்னால் வந்த ரோடு சக்கரங்கள் 130, மவுண்டன் பைக் சக்கரங்கள் 135. நான்கு மி.மீ. தானே என்றால், ஸ்டீலில் சமாளிக்கலாம். பக்கத்துக்கு 2 மி.மீ. மெதுவாக விரித்து வளைப்பது மெக்கானிக்குகளுக்குப் பழகிய வேலை. வளைத்த பிறகு ஒரு நூலை ஒரு பக்க வெட்டில் கட்டி, முன்னால் ஹெட் டியூபை (ஹேண்டில் பக்கக் குழாயை) சுற்றி மறுபக்க வெட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நூலுக்கும் சீட் டியூபுக்கும் (சீட்டுக்குக் கீழே உள்ள ஃபிரேம் குழாய்க்கும்) உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் ஃபிரேம் நேர். இதை அலுமினியத்தில் செய்யவே கூடாது. அது வளைந்து கொடுக்காது, விரிசல் விடும்.

இரண்டாவது வகைக்கு அழகுப் போட்டியில் பரிசு கிடைக்காது. ஆனால் கலந்து கட்டுவதற்கு இதைவிடப் பொறுமையான ஃபிரேமை நான் பார்த்ததில்லை. பின் அகலம் பெரும்பாலும் 135. பிரேக் மாட்டும் முளைகள் ஃபிரேமிலேயே இருக்கும். அகலமான டயருக்கும் அதன் மேல் மட்கார்டுக்கும் இடம் இருக்கும், கேரியர் மாட்டத் துளைகளும் பலவற்றில் உண்டு. பெடல் அச்சு உட்காரும் கூடு பெரும்பாலும் 68 அல்லது 73 மி.மீ. அகலம், ஆங்கிலேய மரை. அதற்குப் பொருந்தும் அச்சு இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. பழைய இத்தாலிய ரோடு ஃபிரேம் என்றால் கூடு 70 மி.மீ., மரையும் வேறு. இதைப் பார்க்காமல் பாகம் வாங்கினால் திருப்பிக் கொடுக்க அலைய வேண்டியதுதான்.

மரை என்றதும் ஒன்று. ஆங்கிலேய மரையில் செயின் இருக்கும் பக்கத்துக் கப்பு (பெடல் அச்சைக் கூட்டில் பிடித்து வைக்கும் கிண்ணம்) இடது மரை. வழக்கம்போல் திருப்பிக் கழற்றப் பார்த்தால் இன்னும் இறுகும். இடது பெடலுக்கும் அதே கதை. ஒரு மாலை முழுக்க ஸ்பேனருக்கு நீளக் குழாய் மாட்டி, இறுக்கிக்கொண்டே இருந்த அனுபவம் எனக்கு உண்டு.

மூன்றாவது வகை, புதிய அலுமினிய ஃபிரேம். எடை குறைவு, டிஸ்க் பிரேக் மாட்டலாம். எல்லாப் பாகத்தையும் புதிதாக வாங்குபவருக்கு நல்ல தேர்வு. பழைய பாகங்களைச் சேர்ப்பவருக்கு இது அவ்வளவு இணங்காது. இவற்றில் பல, ஃபிரேமுக்குள் ஊடுருவிப் போகும் தடித்த ஆக்சிலும் 142 அல்லது 148 மி.மீ. அகலமும் கேட்கும். கையில் இருக்கும் பழைய சக்கரம் அதில் உட்காராது.

என் தீர்ப்பு: கலவை வண்டிக்கு இரண்டாவது. கண்ணுக்கு அழகு வேண்டுமென்றால் முதலாவது, ஆனால் அளவுகோலோடு வாங்கப் போங்கள்.

ஒரே பெயர், வேறு வேறு சக்கரம்

சக்கர அளவில் ஏமாறாதவர் குறைவு. "26 அங்குலம்" என்று சொல்லி விற்கும் டயர்களில் மவுண்டன் பைக் டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 559 மி.மீ.; பழைய 26 x 1 3/8 டயருக்கோ 590. பெயர் ஒன்று, வித்தியாசம் 31 மி.மீ. அதேபோல் "28 அங்குலம்" என்பது 622 ஆகவும் இருக்கலாம், பழைய கனத்த ரோட்ஸ்டரின் 635 ஆகவும் இருக்கலாம். 27 அங்குலச் சக்கரம் 630. அதாவது, 28 என்று பெயர் வாங்கிய 622-ஐவிடப் பெரியது! அங்குலக் கணக்கை நம்பாமல், டயரின் பக்கவாட்டில் 40-559 என்பது போல அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மின் விட்டம். இரண்டாவது எண் சேர்ந்தால்தான் டயர் சேரும்.

27 அங்குல ஃபிரேமில் 700சி சக்கரம் (அதாவது 622) மாட்டுவது பலரும் செய்வது. விட்டத்தில் 8 மி.மீ. குறைவதால் பிரேக் கட்டையை 4 மி.மீ. கீழே இறக்க வேண்டும். பழைய காலிப்பரில் அந்த அளவுக்குத் துளை நீண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டயர் வாங்குவது அதற்குப் பிறகு.

கியர்: ஒன்றா, மூன்றா, எட்டா?

எல்லோரும் அதிகம் சண்டை போடுவது இதில்தான். எனக்கும் ஒரு கட்சி உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒற்றைக் கியரின் பலம், அதில் கெட்டுப்போக எதுவும் இல்லை என்பது. 559 ரிம்மில் 40 மி.மீ. டயர் போட்டால் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். முன்னால் 42 பல், பின்னால் 16 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஐந்தேகால் மீட்டர் போகும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 25 கி.மீ. சமதளத்தில் இதற்கு மேல் தேவையில்லை. ஒரு மேம்பாலம், எதிர்க்காற்று, பின்னால் கனமான பை, மூன்றும் சேர்ந்து வரும் நாளில்தான் முழங்கால் பேசும்.

மூன்று கியர் ஹப்பை (கியர் எல்லாம் பின் சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் இருக்கும் வகை) ஏனோ பலர் தாத்தா காலத்துப் பொருள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் ஏ.டபிள்யூ. ஹப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நடுக் கியர் நேரடி. முதல் கியரில் 25 சதவீதம் இலகு. மூன்றாவதில் 33 சதவீதம் வேகம். பற்கள் எல்லாம் கூட்டுக்குள் எண்ணெயில் கிடக்கும், மழை எட்டாது. சிக்னலில் நின்றபடியே கியர் மாற்றலாம், நகரத்தில் இது பெரிய வசதி. டெரெய்லரில் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் கை) செயின் ஓடினால்தான் மாறும்.

எட்டு கியர் ஹப்பும், டெரெய்லரோடு ஓடும் எட்டுக் கியர் கேசட்டும் (பின் பல்சக்கர அடுக்கு) நேருக்கு நேர் நின்றால்? ஷிமானோவின் நெக்ஸஸ் 8 ஹப்பில் மிக இலகுவான கியருக்கும் மிக வேகமானதற்கும் உள்ள வீச்சு 307 சதவீதம். 11-லிருந்து 34 பல் வரை உள்ள கேசட்டில் அது 309. ஒன்றேதான். ஆக, தேர்வு வீச்சில் இல்லை, மற்றதில் இருக்கிறது. ஹப் கனமானது, பஞ்சர் ஆனால் சக்கரம் கழற்றக் கூடுதல் நேரம் பிடிக்கும், ஏற்கெனவே இருக்கும் ரிம்மில் அதைக் கோக்க வேண்டுமானால் ஸ்போக்ஸ் எல்லாம் புதிதாக வாங்கி சக்கரத்தை முதலிலிருந்து கட்டிக் கோட்டம் எடுக்க வேண்டும். டெரெய்லருக்கு அழுக்கு ஆகாது, கீழே விழுந்தால் வளையும். ஆனால் பாகங்கள் எங்கும் கிடைக்கும்.

இங்கேதான் ஃபிரேம் மறுபடி குறுக்கே வருகிறது. பின் வெட்டு செங்குத்தாக இருந்தால் சக்கரத்தை நகர்த்திச் செயினை இறுக்க முடியாது. டெரெய்லருக்கு அது கவலையே இல்லை, தன் கையால் தானே இழுத்துக்கொள்ளும். ஒற்றைக் கியருக்கும் ஹப் கியருக்கும் தனியாக ஒரு டென்ஷனர் மாட்ட வேண்டும். எளிமைக்காக ஒற்றைக் கியர் தேடிப் போய், டெரெய்லர் மாதிரியே ஒரு சாதனத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவதில் என்ன எளிமை இருக்கிறது?

கலந்து சேர்ப்பதில் டெரெய்லருக்கு இன்னொரு சலுகை. "டக்" என்று மாறும் அந்தக் கணக்கு இருப்பது ஷிஃப்டரில் (கியர் மாற்றும் லீவரில்). டெரெய்லர் அது இழுத்த அளவுக்கு நகரும், அவ்வளவுதான். அதனால் ஷிமானோவின் 7, 8, 9 கியர் டெரெய்லர்களைப் பொதுவாக ஒன்றுக்கொன்று மாற்றிப் போடலாம். ஷிஃப்டரின் கியர் எண்ணிக்கையும் கேசட்டின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால் போதும். அவர்களுடைய 10 கியர் மவுண்டன் டெரெய்லரில் இந்தக் கணக்கு மாறிவிட்டது, அதை இதோடு சேர்க்காதீர்கள். எதுவுமே ஒத்துவரவில்லையா? "டக்" சத்தம் இல்லாத பழைய உராய்வு ஷிஃப்டரைப் போடுங்கள். அதற்கு 6-ம் ஒன்றுதான், 9-ம் ஒன்றுதான். சரியான இடத்தைக் கை பழகிக்கொள்ள சில நாள் ஆகும்.

என் கட்சி: ஏற்றம் இல்லாத பாதையில் மூன்று கியர் ஹப். மற்ற எல்லா இடத்திலும் முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் எட்டு. முன்னால் 38 பல், பின்னால் 11-32 என்று வைத்தால் பெடல் சுற்றுக்கு 2.4 மீட்டரிலிருந்து 6.9 மீட்டர் வரை கிடைக்கும். முன் டெரெய்லரும் அதன் கேபிளும் இல்லை, சரிசெய்ய வேண்டியவற்றில் பாதி தொலைந்தது.

பிரேக்

ஃபிரேம் முடிவானால் பிரேக்கும் ஏறக்குறைய முடிவாகிவிடும். முளை இருந்தால் வி-பிரேக், துளை மட்டும் இருந்தால் காலிப்பர், டிஸ்க்குக்கான இடம் ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் ஹப்பிலும் இருந்தால் டிஸ்க். மூன்றில் ஒன்றில் இல்லையென்றாலும் டிஸ்க் ஆசையை விட்டுவிடுவது நல்லது.

மழையில் டிஸ்க்தான் ராஜா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரேக்கைவிட ரிம்மைத்தான் முதலில் பாருங்கள் என்பேன். பளபளக்கும் குரோம் ஸ்டீல் ரிம் நனைந்தால் எந்தக் கட்டையும் பிடிக்காது. பழைய சைக்கிளில் ஒரே ஒரு மாற்றம் செய்யப் பணம் இருந்தால், ஸ்டீல் ரிம்மைத் தூக்கிவிட்டு அலுமினிய ரிம் போடுங்கள். அலுமினிய ரிம்மோடு நல்ல கட்டை போட்ட வி-பிரேக், தினசரி ஓட்டத்துக்குத் தாராளம்.

மற்றவை, வேகமாக

ஹேண்டில்பார் மாற்ற ஆசைப்படுபவர்கள் கவனிக்க: நேர் ஹேண்டிலின் பிடி விட்டம் 22.2 மி.மீ., வளைந்த ரேஸ் ஹேண்டிலில் 23.8. ஒன்றின் லீவர் மற்றதில் ஏறாது. நடுவில் ஸ்டெம் (ஹேண்டிலை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) கவ்வும் இடம் 25.4, 26.0, 31.8 என்று பல விதம். சீட் குழாய் 0.2 மி.மீ. படிகளில் வரும், 27.2 வேண்டிய இடத்தில் 27.0 போட்டால் சீட் மெல்ல மெல்ல இறங்கும். அலுமினியக் குழாயை ஸ்டீல் ஃபிரேமில் கிரீஸ் தடவாமல் செருகினால் சில வருடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும், பிரிக்கவே முடியாது.

ஒற்றைக் கியராக ஓட்டினால், அகலச் செயின் மெல்லிய பல்சக்கரத்திலும் பொதுவாக ஓடும். கேசட்டுக்கான மெல்லிய செயின் அகலப் பல்லில் உட்காராது.

விளக்குக்கு ஹப் டைனமோ (6 வோல்ட், 3 வாட்) நிம்மதி, ஆனால் அதற்காக ஒரு சக்கரம் கட்ட வேண்டும். தினம் இருட்டில் திரும்புபவருக்குத் தகும். மற்றவர்களுக்கு சார்ஜ் செய்யும் விளக்கு போதும்.

பழையது எது, புதியது எது?

ஃபிரேம், ஹப், கிராங்க் (பெடல் மாட்டும் கை), டெரெய்லர், கேரியர் இவற்றைத் தயங்காமல் பழையதாக வாங்கலாம். கேபிள், கட்டை, செயின், டயர், டியூப் கட்டாயம் புதிது. யாருடைய கையில் எப்படி விழுந்தது என்று தெரியாத அலுமினிய ஹேண்டில்பாரையும் ஸ்டெம்மையும் நான் தொடுவதில்லை. உடைந்தால் முகம் போகும்.

பழைய செயினைத் தேய்மானம் பார்க்காமல் போடவே கூடாது. 24 கண்ணிகள் புதிதில் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ. அது 307-ஐத் தொட்டுவிட்டால் அந்தச் செயின் போய்விட்டது. அதோடு ஓடிய பல்சக்கரமும் கூடவே போயிருக்கலாம்.

செலவு மிச்சமா என்று கேட்பவர்களுக்கு: பாகம் பாகமாக வாங்கினால் மிச்சமில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கிராங்க் இழுக்கும் கருவி, கப்பு கழற்றும் கருவி, ஃப்ரீவீல் கழற்றும் கருவி, செயின் வெட்டும் கருவி என்று நான்கு வாங்குவதற்குள் கணக்கு எகிறிவிடும். முழு சைக்கிளாக ஒன்றைப் பழையதாக வாங்கி, ஓடும் நிலையில் வைத்தபடியே ஒவ்வொன்றாக மாற்றுவதுதான் மலிவு. அதில் ஏற்கெனவே ஒன்றோடொன்று சேர்ந்திருப்பதைக் கலைக்காமல் விடலாம்.

இப்போது நான் ஓட்டுவது அப்படித்தான் வந்தது. 26 அங்குல ஸ்டீல் ஃபிரேம், எட்டுக் கியர், உராய்வு ஷிஃப்டர், அதற்கே உரிய லீவரோடு வி-பிரேக். முன் ரிம் கறுப்பு, பின் ரிம் வெள்ளி. அந்தப் பழைய காலிப்பர் லீவர்களை நான் தூக்கிப் போடவில்லை, டப்பாவில் இருக்கின்றன. நீண்ட கையுள்ள காலிப்பர் ஒரு ஜோடி கிடைத்தால் அடுத்த வண்டி தொடங்கிவிடும்.