ஸ்பேம் கால், ஃப்ராடு கால்: உரக்கடை நம்பர வெச்சுக்கிட்டு இத்தன வருஷமா சமாளிச்ச அனுபவம்

எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம் உரக்கடை. கடை போர்டுல என் செல் நம்பர் பெருசா எழுதியிருக்கும், பில் புக்குலயும் அதே நம்பர்தான். அதனால தெரியாத நம்பர்னா எடுக்காதீங்கன்னு எல்லாரும் சொல்ற அட்வைஸ் எனக்கு சரிப்பட்டு வராது. ஜூன்ல மேட்டூர் தொறந்து தண்ணி கல்லணை தாண்டிடுச்சுன்னா போதும், யூரியா வந்துச்சா, டிஏபி இருக்கா, பொட்டாஷ் என்ன வெலன்னு நாள் பூரா போன் வரும், அதுல பாதி சேவ் பண்ணாத நம்பர். தை மாசம் சம்பா அறுப்பு அப்போ அத விட ஜாஸ்தி, ஆத்தூர் சேலம் பக்கத்துலேந்து அறுவடை மிஷினோட வர்ற டிரைவருங்க, லாரிக்காரங்க, கொள்முதல் நிலையத்துல எப்ப எடை போடுவாங்கன்னு தகவல் சொல்றவங்க எல்லாமே புது நம்பர்தான். அந்த நேரத்துல ஒரு கால விட்டுட்டா யாரோ ஒருத்தரோட நெல்லு களத்துல நனையும். இத முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா கீழ நான் நல்லாருக்கு நல்லால்லன்னு சொல்றது எல்லாமே இந்த நெலமைய வெச்சுதான்.

முதல்ல பண்ணுனது டிஎன்டி, அதாவது விளம்பர கால் வேணாம்னு பதிவு பண்றது. 1909க்கு கால் பண்ணி எல்லா விளம்பரமும் வேணாம்னு போட்டேன். லோன் வேணுமா, பிளாட் வேணுமா, காலர் டியூன் வேணுமான்னு வர்றது நெஜமாவே கொறஞ்சுச்சு, இன்னிக்கு வரைக்கும் அத எடுக்கல. ஆனா இது முறைப்படி பதிவு பண்ணி விளம்பரம் பண்ற கம்பெனிங்களத்தான் கட்டுப்படுத்தும். ஏமாத்துறதுக்குன்னே சாதாரண பத்து இலக்க நம்பர்லேந்து கூப்புடுறவன் டிஎன்டி லிஸ்ட்ட பாத்துட்டா கூப்புடுவான்? தொல்லைக்கு மருந்து, திருட்டுக்கு இல்ல.

அப்புறம் பேர் காட்டுற ஆப். பேர் வேணாம், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பல வருஷமா ஃப்ரீ வெர்ஷன்தான் வெச்சிருக்கேன். அது எப்புடி வேல செய்யுதுன்னா அத யூஸ் பண்றவங்க ஸ்பேம்னு ரிப்போர்ட் பண்ணுனா அந்த நம்பர் சிவப்பா வரும், அவ்ளோதான். அதனால பழைய ஃப்ராடு நம்பர் சிக்கும், இன்னிக்கு காலைல வாங்குன சிம்முல பேசுறவன் சிக்க மாட்டான். அத விட பெரிய பிரச்சன, பேரும் அவங்களே வெச்சுக்கலாம், "பேங்க் கேஒய்சி"ன்னு பேர் வெச்சுக்கிட்டு கூப்புட்டான்னா வயசானவங்க ஸ்கிரீன்ல அத பாத்துட்டு நெஜம் பேங்குதான்னு நம்பிடுறாங்க. இன்னொரு பக்கம் போன அறுப்புல எங்க மிஷின் டிரைவர் நம்பர் சிவப்பா வந்துச்சு, பாவம் அந்த மனுஷன் ஒரு நாளைக்கு அம்பது பேர கூப்புடுறவர், யாரோ கடுப்புல ஸ்பேம்னு அழுத்தியிருப்பாங்க. கடைக்காரனுக்கு உபயோகம் உண்டு, யார்னு ஒரு குத்துமதிப்பா தெரியும். அப்பா அம்மா போன்ல இத போட்டு விட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்னு நெனைக்காதீங்க.

நெட்வொர்க்கே ஸ்பேம்னு காட்டுறது 2024 செப்டம்பர்ல ஏர்டெல் ஆரம்பிச்சாங்க. இதுக்கு ஆப் வேணாம், கான்டாக்ட் லிஸ்ட்ட யாருக்கும் தூக்கி குடுக்க வேணாம், அந்த வகையில எனக்கு இது புடிச்சிருக்கு. கூடவே 140ல ஆரம்பிச்சா விளம்பரம், 1600ல ஆரம்பிச்சா பேங்க் மாதிரி எடத்துலேந்து வர்ற சர்வீஸ் கால்னு பிரிச்சு வெச்சிருக்காங்க. கடைக்கு வர்றவங்க கிட்ட நான் இதத்தான் சொல்றேன், சாதாரண மொபைல் நம்பர்லேந்து ஒருத்தன் பேங்க் மேனேஜர் பேசுறேன்னா அங்கேயே வெச்சுடுங்கன்னு.

இப்ப ஓடிபி விஷயத்துக்கு வரேன், இதுதான் எனக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்துறது. ஓடிபிய யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு டிவி, போன், பேங்க் சுவர் எல்லா எடத்துலயும் சொல்றாங்க. ஆனா நம்ம ஊர்ல ஒரு சாதாரண விவசாயி வருஷம் பூரா ஓடிபி சொல்லிக்கிட்டேதான இருக்காரு? கேஸ் சிலிண்டர் கொண்டு வர்ற தம்பிகிட்ட கோடு சொல்லணும். பிஎம் கிசான் கேஒய்சிக்கு இ-சேவை மையத்துல சொல்லணும். விவசாயிக்கு தனி அடையாள எண் போட்டப்ப சொல்லணும். உரம் வாங்குறப்ப என் கடை பிஓஎஸ் மிஷின்ல கைரேக விழலன்னா அதுக்கும் ஓடிபிதான், நாத்து பறிச்சு நட்டு ரேகயே தேஞ்சு போன கைங்க, நானே எத்தன பேர்கிட்ட கேட்டு வாங்கியிருக்கேன். இப்புடி பழகுன மனுஷன் கிட்ட போன்ல ஒருத்தன் "ஐயா, ஆறாயிரம் ரூவா திட்டத்துல இந்த தவண ரெண்டாயிரம் நிக்கிது, நம்பர் வந்துருக்கும் சொல்லுங்க"ன்னா அவர் சொல்லத்தான் செய்வாரு. அவர் ஏமாளி இல்ல, நாமதான் அப்புடி பழக்கி வெச்சிருக்கோம். அதனால நான் கடைல அந்த பொதுவான வாசகத்த சொல்றத விட்டுட்டேன். நீங்களா தேடிப் போய் எதுக்க நிக்கிற ஆளுகிட்ட, அந்த மெசேஜ்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சு பாத்துட்டு சொல்லலாம், உங்கள தேடி போன்ல வர்றவன் கிட்ட ஒரு நம்பர் கூட சொல்லக்கூடாது, இதத்தான் சொல்றேன். இது அவங்களுக்கு புரியுது, ஏன்னா அவங்க நாளோட ஒத்துப்போகுது.

எங்க வீட்ல உண்மையா வேல செஞ்ச ஏற்பாடு எங்க அப்பாவோடது. அவர் ரயில்வேல ஸ்டேஷன் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். நவம்பர் மாசம் லைஃப் சர்டிஃபிகேட் குடுக்குற நேரம் வந்துச்சுன்னா அவருக்கு இந்த கால்கள் ஆரம்பிச்சுடும், பென்ஷன் நின்னுடும் ஆதார் சொல்லுங்க ஓடிபி சொல்லுங்கன்னு. ஒரு தடவ ரெக்கார்டட் குரல் வந்துச்சு, இன்னும் ரெண்டு மணி நேரத்துல உங்க நம்பர் கட் ஆகும், 9 அழுத்துங்கன்னு. அப்பா அழுத்தியிருக்காரு. உடனே ஒருத்தன் லைன்ல வந்து மும்பை போலீஸ், உங்க ஆதார வெச்சு சிம் வாங்கி குத்தம் பண்ணியிருக்காங்க, வீடியோ கால்ல வாங்க, யாருகிட்டயும் சொல்லக்கூடாது, ரூம் கதவ சாத்திக்குங்கன்னு. நல்ல தமிழ்ல பேசியிருக்கான், அத கவனிங்க. இந்தி கலந்த தமிழ வெச்சு கண்டுபிடிச்ச காலம் முடிஞ்சு போச்சு. வெளிநாட்டு வேலன்னு ஏஜென்ட் சொன்னத நம்பிப் போயி மியான்மர் மியாவாடில மாட்டுன நம்ம தமிழ்நாட்டு பசங்கள 2022ல மீட்டுக் கூட்டி வந்தாங்களே, அந்த மாதிரி எடத்துல அடிச்சு ஒதச்சு பேச வெக்கிறதே இந்த வேலதான். நம்ம ஊரு புள்ளைங்க எத்தன பேர் ஏஜென்ட் கிட்ட பணம் கட்டிட்டு காத்துக்கிட்டு இருக்காங்கன்னு நெனச்சா எனக்கு வயிறு கலங்கும்.

அப்பா என்ன கேட்டாருன்னா, "சரி தம்பி, பிரைவேட் நம்பர் குடுங்க." அவனுக்கு ஒண்ணும் புரியல. ரயில்வேல ஸ்டேஷன் மாஸ்டர் கேட்கீப்பருக்கு போன் போட்டு கேட்ட சாத்தச் சொன்னா, அவர் சாத்திட்டேன்னு வாயால சொன்னா மட்டும் போதாது, அவர்கிட்ட இருக்குற தாள்லேந்து ஒரு ரகசிய நம்பர் சொல்லணும், சொன்ன நம்பர அடிச்சுடணும், மறுபடி அத சொல்ல முடியாது. அதுக்கு பேர்தான் பிரைவேட் நம்பர். அந்த நம்பர எழுதிக்காம வண்டிக்கு சிக்னல் குடுக்க மாட்டாங்க. குரல் தெரிஞ்ச ஆளுதானே, நாப்பது வருஷ பழக்கம்தானேங்கறதுக்கு எல்லாம் அங்க எடம் கெடயாது. அவன் முழிச்சு, சத்தம் போட ஆரம்பிச்சதும் அப்பா போன வெச்சுட்டு கடைக்கு வந்துட்டாரு. இப்புடி வீடியோ கால்லயே கைது பண்ணிட்டோம்னு மெரட்டுறதத்தான் டிஜிட்டல் அரெஸ்ட்னு சொல்றாங்க, சட்டத்துல அப்புடி ஒண்ணே கெடயாது, 2024 அக்டோபர்ல பிரதமரே மன் கி பாத்ல அத சொன்னாரு, ஆனா அப்பாவ காப்பாத்துனது அவரோட டூட்டி பழக்கம்தான்.

அன்னிக்கு சாயங்காலமே ஒரு நோட்டு பேப்பர்ல வீட்ல ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ரெட்ட இலக்க நம்பரா எழுதி குடுத்துட்டாரு. தங்கச்சி பையன் சிங்கப்பூர்ல இருக்கான், அவனுக்கும் ஒரு வரிச, அத போட்டோ எடுத்து அனுப்ப விடல, அவன் லீவுல வந்தப்ப கையில குடுத்தாரு. பணம்னு யார் வாயத் தொறந்தாலும் நம்பர் சொல்லணும், சொன்னத அடிக்கணும். அம்மா முதல்ல பெத்த புள்ளகிட்ட நம்பர் கேக்குறதான்னு சங்கடப்பட்டாங்க. அப்புறம் ஒரு நாள் ராத்திரி, "தாத்தா, ஆக்சிடென்ட் ஆயிடுச்சு, என் போன் ஒடஞ்சு போச்சு, ஃப்ரெண்டு நம்பர்லேந்து பேசுறேன்"னு அழுதுக்கிட்டே ஒரு கால். குரல் ஏறக்குறைய அவன் குரல்தான். அப்பாவுக்கு கை நடுங்குனத நான் பக்கத்துலேந்து பாத்தேன், ஆனாலும் காலண்டர் பின்னாடி சொருகி வெச்சிருந்த பேப்பர எடுத்து விரிச்சு, "நம்பர் சொல்லுப்பா"ன்னாரு. லைன் கட். உடனே பையனோட நம்பருக்கு நாங்க போட்டோம், தூக்கத்துலேந்து எடுத்தான். இதுக்கு அப்புறம் அம்மாதான் எல்லாருக்கும் மொத ஆளா நம்பர் ஞாபகப்படுத்துறது.

தெரிஞ்ச நம்பர்லேந்து வந்தா சேஃப்னும் நெனைக்காதீங்க. எங்க தெரு அத்தை ஒருத்தங்களுக்கு ஊர் வாட்ஸ்அப் குரூப்லயே, தெரிஞ்சவங்க நம்பர்லேந்து, பிஎம் கிசான்னு ஒரு ஏபிகே ஃபைல் வந்துச்சு, அத அழுத்துனா பிளே ஸ்டோர் இல்லாமயே போன்ல ஆப் ஏறிடும். அனுப்புனவங்க போன ஃப்ராடு பண்றவனுங்க ஏற்கனவே ஹேக் பண்ணிட்டாங்க, அதுவா எல்லாருக்கும் போயிருக்கு. அத்தை இன்ஸ்டால் பண்ணி மெசேஜ் பர்மிஷனும் குடுத்துட்டாங்க, அப்புறம் அவங்க ஓடிபி சொல்லவே வேண்டியது இல்ல, அதுவே படிச்சுக்கிச்சு. மக வளகாப்புக்கு வெச்சிருந்த பணம். ஓடி வந்தாங்க, நான் போன ஏரோபிளேன் மோடுல போட்டுட்டு என் போன்லேந்து 1930க்கு, அதாவது சைபர் மோசடி புகார் நம்பருக்கு அடிச்சேன். தமிழ்லயே பேசுனாங்க, அக்கவுன்ட் நம்பர், எவ்ளோ, எத்தன மணிக்கு, டிரான்சாக்ஷன் நம்பர், இதத்தான் கேட்டாங்க, அதனால பாஸ்புக்கும் டெபிட் ஆன எஸ்எம்எஸ்சும் கையில வெச்சுக்கிட்டு கூப்புடுங்க. புகார் நம்பர் மெசேஜா வந்துச்சு, அத வெச்சு சைபர் கிரைம் போர்ட்டல்லயும் முழுசா பதிவு பண்ணுனோம். பணம் போன அக்கவுன்ட்டுல மிச்சம் இருந்தத நிறுத்தி வெச்சுட்டாங்க, அதுக்குள்ள ஏடிஎம்ல எடுத்தது போனது போனதுதான். நிறுத்துன பணம் கைக்கு வர பல நேரம் கோர்ட் ஆர்டர் வரைக்கும் அலையணும், அதுக்கு பொறும வேணும். ஆனா மொத ஒரு மணி நேரத்துல கூப்புட்டதாலதான் அந்த பணமாவது நின்னுச்சு. வெக்கப்பட்டுக்கிட்டு ரெண்டு நாள் கழிச்சு சொல்றவங்களுக்கு ஒண்ணும் மிஞ்ச மாட்டேங்குது, வீட்ல திட்டுவாங்கன்னு பயந்தே பாதி பேர் மூடி மறைக்கிறாங்க, தயவுசெஞ்சு திட்டாதீங்க.

பணம் போகல, கால் மட்டும் வந்துச்சுன்னா சஞ்சார் சாத்திங்கற மத்திய அரசு டெலிகாம் துறை போர்ட்டல்ல சக்ஷுன்னு ஒரு பகுதி இருக்கு, 2024 மார்ச்ல வந்தது, நான் கடைய சாத்துறதுக்கு முன்னாடி அன்னிக்கு வந்த ஃப்ராடு நம்பர அதுல போட்டுட்டுதான் போவேன். அதுலயே நம்ம பேர்ல எத்தன சிம் ஓடுதுன்னும் பாக்கலாம், ஆதார் ஜெராக்ஸ கண்ட எடத்துல குடுக்குற ஊரு நம்ம ஊரு, ஒரு தடவ அவசியம் பாருங்க.

வாட்ஸ்அப் கால்ல மேல சொன்ன நெட்வொர்க் எச்சரிக்க எதுவும் வராது. அதுக்கு அதோட செட்டிங்ஸ்ல பிரைவசி, அதுக்குள்ள கால்ஸ்னு போனா தெரியாத நம்பர சைலன்ட் பண்ற வசதி இருக்கு, ரிங் வராது, லிஸ்ட்ல மட்டும் இருக்கும். வெளிநாட்டுல இருக்குற சொந்தக்காரங்க நம்பர் எல்லாம் சேவ் பண்ணியிருக்குறதால அப்பா போன்லயும் அம்மா போன்லயும் அத ஆன் பண்ணிட்டேன், ஒரு கொறையும் இல்ல. கடை போன்ல மட்டும் ஆஃப்ல கெடக்கு, ஏன்னா பயிர்ல பூச்சி விழுந்தா வயல்ல நின்னுக்கிட்டே வீடியோ கால் போட்டு இலைய திருப்பிக் காட்டி என்ன மருந்துன்னு கேக்குறவங்கள்ல பாதி பேர் நம்பர் இன்னும் என் போன்ல இல்ல.