ஸ்போர்ட்ஸ் இஞ்சுரி டிப்ளமோவில் சேரப் போகிறீர்களா? ரசீதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

கபடி, தடகளம் என்று மைதானமே கதியாகக் கிடக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் ஏமாந்தது 48,000 ரூபாய்.

கடைசி வருடம் படிக்கும்போது எங்கள் கல்லூரிக்கு வந்து செமினார் எடுத்தார்கள். தஞ்சாவூரில் ஒரு கடைக்கு மேல் மாடியில் நடக்கும் தனியார் பயிற்சி நிலையம். 'விளையாட்டுக் காயப் பராமரிப்பு, ஒரு வருட டிப்ளமோ. முடித்தால் பெரிய கபடி டீமோடு ஊர் ஊராகப் போகலாம், அமெரிக்காவில் அத்லெடிக் டிரெய்னர், அதாவது வீரர்களின் காயத்தைக் கவனிப்பவர் ஆகலாம்' என்றார்கள். முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆட்டத்தை விட்டவன் நான். எனக்கு வேறென்ன வேண்டும்? குறுவைக்கு வைத்திருந்த பணத்தை அம்மா எடுத்துக் கொடுத்தார். மேட்டூர் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்தபோது விதைநெல்லைக் கடனுக்கு வாங்கினோம்.

வகுப்பில் 32 பேர், ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு. அதற்கு இடது பாதம் கிடையாது. கணுக்கால் பாடத்தன்று சார் வலது பாதத்தையே இரண்டு தடவை காட்டினார். ஒட்டுகிற டேப் ஒரே ரோல்தான். ஒருவர் கையில் ஒட்டியதை உரித்து அடுத்தவர் கையில் ஒட்டுவோம். மூன்றாவது ஆளிடம் வரும்போது பசை போய், முதல் இருவருடைய ரோமம்தான் அதில் இருக்கும். மைதானப் பயிற்சி என்பது பள்ளி விளையாட்டு விழாவில் அவர்கள் பேனருக்குக் கீழே நின்று தண்ணீர் பாட்டில் நீட்டுவது.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், பொங்கல் வரைக்கும். பாபநாசம் பக்கத்தில் ஒரு கபடிப் போட்டி. ரெய்டு போன பையன் கணுக்கால் மடங்கி விழுந்தான். ஐஸ் வைத்து, இறுக்கிக் கட்டி, "சுளுக்குதான், அடுத்த மேட்ச் ஆடலாம்" என்றேன். அவனும் என்னை நம்பி ஆடினான். ராத்திரி கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் வெளிக்கணு எலும்பு முறிந்திருந்தது.

மருத்துவமனையில் இருந்த பிசியோதெரபிஸ்ட் அக்கா என்னைத் திட்டவில்லை. உட்காரச் சொல்லி என் கணுக்காலைப் பிடித்தார். இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பை விரலால் அமுக்கிக் காட்டினார். "இங்க எலும்புல வலிக்குதா, நாலு அடி நடக்க முடியுதா? இதுல எது சரியில்லைன்னாலும் எக்ஸ்ரே எடுக்கணும் தம்பி. இதைக்கூடவா சொல்லித் தரல?" என்றார். அந்த ஐந்து நிமிடத்தில் கற்றதை ஆறு மாதத்தில் அந்த மாடியில் கற்கவில்லை.

அப்புறம் "எந்த யுனிவர்சிட்டி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கவே இல்லை. அவர் படித்தது பி.பி.டி. என்ற பிசியோதெரபி இளங்கலை. நாலு வருடப் படிப்பு, அதற்கு மேல் இன்டர்ன்ஷிப், பட்டம் தருவது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். விளையாட்டுப் பக்கம் போக அதற்கும் மேல் எம்.பி.டி. என்ற முதுகலை இருக்கிறது. அமெரிக்காவில் அத்லெடிக் டிரெய்னர் ஆக, அங்கே அங்கீகரிக்கப்பட்ட முதுகலைப் படிப்பை முடித்து பி.ஓ.சி. என்ற அந்தத் தொழிலுக்கான சான்றிதழ்த் தேர்விலும் தேற வேண்டுமாம். நம் ஊர் மாடிப்படி அதுவரை எட்டாது.

வீட்டுக்கு வந்து நோட்டீஸை எடுத்துப் பார்த்தேன். 'மத்திய அரசு பதிவு பெற்றது' என்று தங்க நிறத்தில் போட்டிருந்தது வெறும் உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான பதிவு. மாவு மில் வைத்திருப்பவரும் ஆன்லைனில் இலவசமாக எடுக்கலாம். ஐ.எஸ்.ஓ. 9001 என்பது நிர்வாக முறைக்கான சான்று, பாடத்திட்டத்துக்கு அங்கீகாரம் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ரசீதைப் பாருப்பா" என்றார் சார். மூன்று ரசீதிலும் கட்டணம் என்ற வார்த்தையே இல்லை, 'அறக்கட்டளைக்கு நன்கொடை' என்று இருந்தது. கையெழுத்து என் அம்மாவுடையது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறேன். மனு எண் வந்திருக்கிறது, பணம் வரவில்லை. கால் உடைந்த பையனுக்கு மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது, நடக்கிறான்.

போன வாரம் மன்னார்குடி பஸ் ஸ்டாண்ட் பக்கம் அவர்களுடைய புது பேனரைப் பார்த்தேன். பெயரை மாற்றியிருக்கிறார்கள், போட்டோவை மாற்றவில்லை. நீலச் சட்டை போட்டவன் ஒரு பையன் காலில் டேப் சுற்றிக்கொண்டிருப்பான். அந்த நீலச் சட்டை நான்தான். அந்த பேனரைப் பார்த்துவிட்டு யாரும் போன் போட வேண்டாம்.