கணவாய்ப் பாதைக்கு எந்தச் சக்கரம்: 18 அங்குல அலாயா, 16 அங்குல இரும்பு ரிம்மா?

2020-இல் வந்த மஹிந்திரா தார் (Thar) வண்டியின் உயர் வகைக்கு 255/65 (அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு) டயருடன் 18 அங்குல அலாய் வீலையும், கீழ் வகைக்கு 245/75 டயருடன் 16 அங்குல இரும்பு ரிம்மையும் நிறுவனமே பொருத்தித் தந்தது. என்னுடையது உயர் வகை. இமாசலத்தின் குன்சும் கணவாய்க்குப் போவதென்று முடிவானதும், அலாயைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு இரும்பு ரிம்முக்கு மாறினேன்.

தோற்றத்தில் அலாய்தான் எடுப்பு. அதில் பேச ஒன்றுமில்லை. வேலூரிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில் வேகமாக வளைக்கும்போதும் 18 அங்குலம்தான் பிடிப்பாக இருக்கிறது. இரும்பு ரிம்மோடு வரும் சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் குறைவு என்பதால், வண்டியின் அடிவயிறு 7 மில்லிமீட்டர் அளவுக்குத் தாழ்கிறது. தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள வண்டிக்கு இது பெரிய இழப்பில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது பழுதுபார்ப்பு. கிராம்பூவிலிருந்து சத்ரு, பாத்தல் வழியாகக் குன்சும் ஏறும் பாதையில் உருண்டைக் கற்களும், பனி உருகி மதியத்துக்கு மேல் பெருக்கெடுக்கும் ஓடைகளும் குறுக்கிடும். மனாலிக்கும் காசாவுக்கும் நடுவே நம்பத்தக்க டயர் பட்டறையை எதிர்பார்த்துப் போகக் கூடாது. அங்கே சக்கரத்துக்கு வரும் சேதம் ஆணி குத்துவதன்று. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டயர் நசுங்கி, ரிம்மின் உதடு மடிவதாகும். ஒத்திகைக்காக ஒடுகத்தூர்ப் பக்கம் பீஞ்சமந்தை மலைக்கு ஏறியபோது எனக்கு அதுவே நேர்ந்தது. சோப்புத் தண்ணீர் ஊற்றியதும் மடிந்த இடத்தில் மட்டும் குமிழ் கிளம்பியது. பட்டறைக்காரர் ரிம்மைத் தரையில் சாய்த்து, மரக்கட்டையை அண்டக்கொடுத்து, சம்மட்டியால் நாலு தட்டுத் தட்டினார், காற்று நின்றது. “இரும்பு அடிச்சா வரும் சார், அலாய் அடிச்சா உடையும்” என்றார். விரிசல் விட்ட அலாயை ஆர்கான் வெல்டிங் வைத்து ஒட்டித் தருவோர் உண்டு என்றாலும், அந்த ஒட்டை நம்பிக் கணவாய் ஏற எனக்கு மனம் வராது.

டயரின் பக்கச்சுவரைப் பார்த்தாலும் இரும்பு ரிம்தான் மேல். 16 அங்குலத்தில் அந்தச் சுவரின் உயரம் 184 மில்லிமீட்டர், 18 அங்குலத்தில் 166. கற்பாதையில் காற்றை 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கி ஓட்டும்போது, கூடுதலாகக் கிடைக்கும் அந்த 18 மில்லிமீட்டர் ரப்பர்தான் கல்லை வாங்கிக்கொள்கிறது. உயரம் போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், 4,500 மீட்டரைத் தாண்டிய குன்சும்மில் டயரின் காற்று மானியில் 6 பி.எஸ்.ஐ. அளவு கூடுதலாகக் காட்ட வேண்டும். குளிரோ அதைக் கீழே இழுக்கும். இரண்டும் சேர்ந்து எங்கே நிற்கும் என்று ஊகிக்காமல், மானியும் 12 வோல்ட் கம்ப்ரசரும் கையோடு வைத்திருப்பது நல்லது.

டயர் வகையில், தார்ச்சாலைக்கும் கற்பாதைக்கும் பொதுவான ஆல் டெரெய்னோடு நான் நின்றுவிட்டேன். வேலூரிலிருந்து மனாலி 2,500 கிலோமீட்டருக்கு மேல், அதில் பெரும்பகுதி தார்ச்சாலை. அங்கே சேற்றுக்கென்றே வரும் மட் டெரெய்ன் இரையும், ஈரத்தில் பிரேக் பிடித்தால் வழுக்கும். ஆழ்ந்த சேற்றில் அது மேல் என்று ஓட்டியவர்கள் சொல்கிறார்கள். என் சொந்த அனுபவம் நண்பரின் வண்டியில் சிறிது தூரம் ஓட்டியதோடு சரி என்பதால், அதை மறுக்க மாட்டேன்.

ரிம் மாற்றுவோர் செலவைக் கணக்கிடும்போது நான்கு என்று வைக்காமல் ஐந்து என்று வைக்க வேண்டும். தாரில் முன், பின் அச்சுகளுக்கு நடுவே, அவை வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் டிஃபரன்ஷியல் கிடையாது. ஸ்டெப்னியாகப் பழைய 18 அங்குலச் சக்கரத்தையே தொங்கவிட்டு, வழியில் அதை மாட்டி நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டினால், விட்டத்தில் உள்ள 2 விழுக்காட்டு வேறுபாடு, இரண்டு அச்சுகளுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸை முறுக்கும்.