தாலி கட்டிப் பதிவதா, பதிவாளர் முன்னாலேயே முடிப்பதா?

நாங்கள் இருவரும் இந்துக்கள், சாதி மட்டும் வேறு. அதனால் இரண்டு வழியும் இருந்தன: கோயிலில் தாலி கட்டிவிட்டு அப்புறம் பதிவது, அல்லது 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவாளர் முன்னால் மணம் முடிப்பது. இரண்டாவதைத்தான் எடுத்தோம்.

செலவு, கூட்டம், சாப்பாடு எல்லாம் தெரிந்த கதை. கோயில் வழி சீக்கிரம் முடியும். சிறப்புச் சட்டத்தில் நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அது அலுவலகப் பலகையில் ஒட்டப்படும், யாரும் படிக்கலாம். எங்கள் வீடுகளில் எதிர்ப்பு இல்லை. எதிர்ப்புக்குப் பயந்து கோயிலுக்குப் போகும் ஜோடியை நான் குறை சொல்ல மாட்டேன்.

என்னைச் சாய்த்தது சான்றிதழ். இந்துத் திருமணத்தில் கல்யாணம் என்பது சடங்குதான். பதிவு அதற்குச் சாட்சி, அவ்வளவே. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிந்தாக வேண்டும். சரி, பதிந்தாயிற்று. நாளைக்குப் பென்ஷனிலோ சொத்திலோ ஒருவர் 'கல்யாணமே நடக்கவில்லை' என்று வழக்குப் போட்டால்? உரிய சடங்கு நடக்காமல் சான்றிதழ் மட்டும் இருந்தால் அது இந்துத் திருமணம் ஆகாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் உடைத்தே சொல்லிவிட்டது. அப்போது போட்டோ, பத்திரிகை, மண்டப ரசீது, ஐயர் என்று தேடி அலைய வேண்டும். அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்ந்த 7ஏ பிரிவுப்படி ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டாலே போதும், ஆனால் மாற்றிக்கொண்டதை நிரூபிக்கும் பாடு அங்கேயும் உண்டு. சிறப்புச் சட்டத்தில் மூன்று சாட்சிகளோடு உறுதிமொழி சொல்வதுதான் திருமணமே. அந்தச் சான்றிதழ்தான் முடிவான ஆதாரம்.

சொத்துரிமை மாறுமோ என்று மாமா கேட்டார். இருவரும் இந்துக்கள் என்றால் சிறப்புச் சட்டத்தில் வந்த 1976 திருத்தத்துக்குப் பிறகு மாறாது. இதே சட்டப்படி கிறிஸ்தவர், முஸ்லிம் போன்ற வேற்று மதத்தவரை மணக்கும் இந்து, கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகிவிடுவார். வாரிசுரிமையும் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்குப் போய்விடும். அதில் பிள்ளைகள் இருந்தால் இறந்தவரின் அம்மாவுக்குப் பங்கு கிடையாது. அப்படிப்பட்டவர்கள் உயில் எழுதி வைப்பது நல்லது.

அத்தை ஆசைப்பட்டதால் பதிவு முடிந்து கோயிலில் தாலியும் கட்டினோம். சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஏற்கெனவே தாலி கட்டியவர்களும் 15ஆம் பிரிவின்கீழ் தங்கள் திருமணத்தை இதே சட்டத்தில் பதியலாம். அதற்கும் 30 நாள் நோட்டீஸ் உண்டு.