நடுவர்கள் பார்க்காத படங்களுக்கு விருது: பன்னாட்டுப் புகைப்படப் போட்டி ஒன்றில் நாங்கள் ஏமாந்த விவரம்

வெளிநாட்டுப் புகைப்படப் போட்டிகளுக்குப் பணம் கட்டிப் படம் அனுப்பும் நண்பர்கள் இந்தப் பதிவை முழுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கடந்த ஜனவரியில் ஐரோப்பிய முகவரி கொண்ட ஒரு பன்னாட்டுப் போட்டிக்கு நானும், என் பேச்சை நம்பி எங்கள் ஊர்க் கல்லூரி மாணவி ஒருவரும் படங்கள் அனுப்பினோம். போட்டியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இதே முறையில் இயங்கும் போட்டிகள் பல இருப்பதால், ஒரு பெயரை மட்டும் தெரிந்துகொண்டு அதைத் தவிர்ப்பவர் அடுத்த பெயரில் மாட்டிக்கொள்வார். அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைத் தெரிந்துகொண்டால் எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் காண முடியும்.

என்னை அந்தப் போட்டிக்கு இழுத்தது பரிசுத்தொகை அல்ல, நடுவர் குழுதான். ஒரு பத்திரிகையின் படப்பிரிவு ஆசிரியர், ஒரு கலைக்கூடத்தின் பொறுப்பாளர், போர்முனைகளில் பணியாற்றிய இரண்டு செய்திப் புகைப்படக்காரர்கள் என 14 பேரின் முகங்களும் வாழ்க்கைக் குறிப்புகளும் முதல் பக்கத்திலேயே இருந்தன. பதினோரு ஆண்டுகளாக வேதாரண்யம் பகுதி உப்பளங்களைப் படம் எடுத்துவருகிறேன். உள்ளூரில் பார்த்தவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார்கள். எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே தவறியிருக்கிறேன் என்று சொல்லத் தெரிந்தவர்களின் பார்வை எனக்குக் கிடைத்ததில்லை. அந்த 14 பேரில் சிலராவது என் படத்தின் முன்னால் ஒரு நிமிடம் நிற்பார்கள் என்ற எண்ணத்தில்தான் பணம் கட்டினேன். முதல் படத்துக்கு 30 யூரோ, அடுத்த ஒவ்வொரு படத்துக்கும் 15 யூரோ என நான்கு படங்களுக்கு 75 யூரோ. வங்கி பிடித்துக்கொண்ட அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் அதன் மீதான ஜிஎஸ்டியையும் சேர்த்தால் 7,100 ரூபாய் ஆயிற்று. கடைசித் தேதி மூன்று முறை நீட்டிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் 'இன்னும் 48 மணி நேரமே உள்ளது' என்று மின்னஞ்சல் வந்தது. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

மே மாதம் முடிவு வந்தது. என் நான்கு படங்களில் மூன்றுக்கு 'ஹானரபிள் மென்ஷன்' (பரிசுக்கு அடுத்தபடியான பாராட்டுக் குறிப்பு) கிடைத்திருப்பதாக எழுதியிருந்தார்கள். மாணவிக்கு, அவர் அனுப்பிய இரண்டு படங்களுக்குமே கிடைத்திருந்தது. அன்று மாலை அவர் வீட்டில் பாயசம் வைத்தார்கள். விருது பெற்றோருக்கான ஆண்டுப் புத்தகத்தை 95 யூரோவுக்கு வாங்கலாம் என்றும், அச்சிட்ட சான்றிதழுக்கு 25 யூரோ என்றும், கண்காட்சியில் படம் தொங்க வேண்டுமானால் அச்சுச் செலவாக 160 யூரோ கட்ட வேண்டும் என்றும் அடுத்த நாளே இன்னொரு கடிதம் வந்தது. "புத்தகத்துல பேரு வருதாம் அண்ணா, அம்மா குழுவுல எடுத்த பணம் கொஞ்சம் இருக்கு, கட்டிடலாமா?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டார். கட்டுங்கள் என்று நான்தான் சொன்னேன். இந்தப் பதிவை எழுத என்னைத் தூண்டியதில் பெரும்பங்கு அந்த ஒரு சொல்லுக்கு உண்டு.

சந்தேகம் எழுந்தது இரண்டு நாள் கழித்துத்தான். விருது பெற்ற என் படங்களை வரிசையாகத் திறந்து பார்த்தபோது, மூன்றாவது படம் நான் அனுப்ப நினைத்த படமே இல்லை என்பது தெரிந்தது. பதிவேற்றும்போது கோப்பின் எண் ஒன்று மாறி, அதே காலையில் எடுத்த வேறொரு படம் போயிருக்கிறது. அதில் உப்பு வாரும் பெண்ணின் முகத்தில் ஃபோகஸ் இல்லை. பின்னால் இருக்கும் கீற்றுக் கொட்டகையில் விழுந்திருக்கிறது, தொடுவானமும் சாய்ந்திருக்கிறது. படம் பார்க்கப் பழகிய எவரும் இரண்டு நொடியில் ஒதுக்கிவிடக்கூடிய படம் அது. அதற்கு விருது கிடைத்திருக்கிறது. என் நான்கில் மிகச் சிறந்தது என்று நான் கருதிய படம் பட்டியலிலேயே இல்லை. பிறகு அந்தப் படம் போட்டியிட்ட பிரிவில் ஹானரபிள் மென்ஷன் பெற்றவர்களை எண்ணிப் பார்த்தேன். ஒரே பிரிவில் 214 பெயர்கள். இப்படிப் பன்னிரண்டு பிரிவுகள் இருந்தன.

எனவே நடுவர்களுக்கே எழுதுவது என்று முடிவு செய்தேன். 14 பேரில் ஒன்பது பேருக்குச் சொந்த இணையதளமும் தொடர்பு முகவரியும் இருந்தன. குறை சொல்லும் தொனி வராமல், இந்த ஆண்டுப் போட்டியில் தாங்கள் எத்தனை படங்களைப் பார்த்தீர்கள், எந்த முறையில் மதிப்பிட்டீர்கள் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டேன். நான்கு பேர் பதில் அனுப்பினார்கள். ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை சம்மதித்ததாகவும், இந்த ஆண்டு தமக்கு ஒரு படம்கூட அனுப்பப்படவில்லை என்றும், தம் முகம் இன்னும் அங்கே இருப்பதே என் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும் என்றும் எழுதினார். இன்னொருவர் தம் பெயரை நீக்குமாறு ஏற்கெனவே இரண்டு முறை கேட்டிருக்கிறார். மூன்றாமவர் விரிவாகவே விளக்கினார்: ஏற்பாட்டாளர்களே தேர்ந்தெடுத்த 60 படங்கள் ஒரு மாலையில் அவருக்கு வந்தன, அவற்றில் மூன்றைக் குறித்து அனுப்பினார், ஹானரபிள் மென்ஷன் பட்டியல் எந்தக் கட்டத்திலும் அவர் பார்வைக்கு வரவில்லை. நான்காமவர் சொன்னதும் ஏறத்தாழ இதுவே. மீதமுள்ளவர்களில் இருவரைப் பற்றி அந்தப் போட்டியின் பக்கத்தைத் தவிர வேறு எங்கும் ஒரு வரிகூட எனக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் எடுத்ததாகச் சொல்ல ஒரு படம் இல்லை, பணியாற்றிய நிறுவனம் இல்லை, ஒரு பேட்டிகூட இல்லை.

பதில் எழுதிய நால்வர் மீதும் எனக்கு மனவருத்தம் இல்லை. அறிமுகமில்லாத ஒருவனின் கடிதத்துக்கு நேரம் ஒதுக்கி உண்மையைச் சொன்னார்கள். அவர்கள் பெயரையும் காட்டித்தான் எங்களிடம் பணம் வாங்கப்பட்டது.

நுழைவுக் கட்டணம் கேட்டாலே மோசடி என்று சில நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. நெதர்லாந்தில் 1955இல் தொடங்கிய வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டிக்கும், துபாயில் 2011 முதல் நடக்கும் ஹிப்பா புகைப்பட விருதுக்கும், சோனி உலகப் புகைப்பட விருதுக்கும் படம் அனுப்பக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் 'வைல்ட்லைஃப் ஃபோட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்' போட்டிக்குப் பெரியவர்கள் பலர் கட்டணம் செலுத்தியே படம் அனுப்புகிறார்கள். நம் ஊர்ப் புகைப்படச் சங்கத்தினர் ஆர்வமாகக் கலந்துகொள்ளும் ஃபியாப் (பன்னாட்டுப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு), பி.எஸ்.ஏ. (அமெரிக்கப் புகைப்படச் சங்கம்) ஆகியவற்றின் அங்கீகாரம் பெற்ற சலான்களும், அதாவது போட்டிக் கண்காட்சிகளும், கட்டணம் வாங்கியே நடக்கின்றன. அந்தப் பணத்துக்கு ஈடாக நம் படத்தை உண்மையிலேயே யாராவது பார்க்கிறார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஃபியாப் சலான்களில் குறைந்தது மூன்று நடுவர்கள் அமர்ந்து மதிப்பெண் இடுகிறார்கள். படம் தேர்வாகாவிட்டாலும், நம் படத்துக்குக் கிடைத்த மொத்த மதிப்பெண்ணும் ஏற்புக்குத் தேவைப்பட்ட மதிப்பெண்ணும் பெரும்பாலும் நமக்கு வந்துசேர்கின்றன. ஒரு மதிப்பெண்ணில் தவறிய வலி எனக்குத் தெரியும். அந்த வலியிலும் மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள் என்ற நிச்சயம் இருந்தது.

நேர்மையான நடுவர் குழு தன் தீர்ப்பையே திருத்திக்கொள்ளவும் தயங்குவதில்லை. வேலியைத் தாண்டிப் பாயும் ஓநாயின் படத்துக்காக 2009ஆம் ஆண்டின் வைல்ட்லைஃப் விருதை ஸ்பெயின் நாட்டுப் புகைப்படக்காரர் ஒருவர் பெற்றிருந்தார்; அது பழக்கப்பட்ட விலங்காக இருக்கக்கூடும் என்ற புகார் வந்ததும், நடுவர்கள் மீண்டும் கூடி ஓநாய் வல்லுநர்களின் கருத்தையும் கேட்டு, 2010 ஜனவரியில் அந்த விருதை அவரிடமிருந்து திரும்பப் பெற்றார்கள். அவர் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தார். அதே போட்டியில் 2017இல் தேர்வான, பிரேசில் நாட்டு எமாஸ் தேசியப் பூங்காவின் எறும்புதின்னிப் படத்தில் இருப்பது பாடம் செய்யப்பட்ட உடல் என்ற ஐயம் எழுந்தபோது, ஐந்து அறிவியலாளர்கள் தனித்தனியே ஆராய்ந்து சொன்ன முடிவின்பேரில் 2018இல் அந்த விருதும் நீக்கப்பட்டது. அந்தப் புகைப்படக்காரரும் மறுத்தார். வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோவில் 2015ஆம் ஆண்டு, கடைசிக்கு முந்தைய சுற்று வரை வந்த படங்களில் ஏறத்தாழ 20 விழுக்காடு, மூலக் கோப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் விலக்கப்பட்டன. எங்கள் போட்டியிலோ முதல் பரிசு பெற்றவரிடம்கூட ரா கோப்பை (கேமரா பதிவுசெய்த, திருத்தப்படாத மூலக் கோப்பை) கேட்டதாகத் தெரியவில்லை. எங்கள் ஐந்து விருதுகளில் எதற்கும் கேட்கவில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

பணம் போனதைவிட என்னை அதிகம் வருத்திய இன்னொன்று உண்டு. நான் அனுப்பிய படங்களில் ஒன்றில் அகஸ்தியன்பள்ளி உப்பளத்தில் முப்பது ஆண்டுகளாக வேலை செய்யும் ஓர் அம்மாவின் முகம் அருகில் தெரியும். விடியற்காலை வெயில் ஏறுவதற்குமுன் பாத்தியில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தவரிடம், படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பலாமா என்று கேட்டு, சம்மதம் வாங்கித்தான் அனுப்பினேன். "போட்டிக்குன்னா அனுப்பிக்க தம்பி" என்றார். ஜூன் மாதம் அந்தப் படம் ஏற்பாட்டாளர்களின் விற்பனைப் பக்கத்தில், சட்டமிட்ட சுவர்ப் படமாக 90 யூரோ விலையில் இருந்தது. அவர்களது விதிமுறைகளை அப்போதுதான் வரிவரியாகப் படித்தேன். அனுப்பப்படும் எல்லாப் படங்களையும், பரிசு பெறாதவை உட்பட, உலகம் முழுவதும், எந்த ஊடகத்திலும், காலவரையறை இன்றி, பணம் தராமல் பயன்படுத்தவும் பிறருக்கு அந்த உரிமையை வழங்கவும் தமக்கு அதிகாரம் உண்டு என்று பதினேழாவது விதி சொல்லியது. நான் படிக்காமல் டிக் செய்திருந்தேன். போட்டி விளம்பரத்துக்கும் கண்காட்சிக்கும் விருது பெற்ற படங்களைப் பயன்படுத்த உரிமை கேட்பது வழக்கமானது, அதில் தவறில்லை. விற்பனைக்கும் பிறருக்கு வழங்குவதற்கும் சேர்த்துக் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த அம்மாவின் சம்மதம் விற்பனைக்கானது அல்ல. அதை எழுதிக்கொடுக்க எனக்கு உரிமையே இருக்கவில்லை.

ஏற்பாட்டாளர்களுக்கு ஐந்து கடிதங்கள் அனுப்பினேன். முதல் மூன்றுக்கும், நடுவர்களின் முடிவே இறுதியானது என்ற ஒரே வாக்கியம் பதிலாக வந்தது. மூன்றாவது பதிலோடு அடுத்த ஆண்டுப் போட்டிக்கான 20 விழுக்காடு தள்ளுபடிக் குறியீடும் வந்தது. நடுவர்கள் எழுதியதை, அவர்களது பெயரைக் குறிப்பிடாமல், நான்காவது கடிதத்தில் சொன்ன பிறகு பதில் நின்றுவிட்டது. வங்கியில் பணத்தைத் திரும்பப் பெற விண்ணப்பித்தேன். பரிவர்த்தனைக்கு நானே ஓடிபி கொடுத்திருக்கிறேன், சேவையும் வழங்கப்பட்டிருக்கிறது என்று சொல்லி நிராகரித்தார்கள். மாணவி கட்டிய 95 யூரோவுக்கு மட்டும் ஒரு வழி கிடைத்தது: சொன்ன தேதிக்குள் புத்தகம் வந்துசேராததால், பொருள் கிடைக்கவில்லை என்ற காரணத்தில் வேறொரு வங்கி அந்தத் தொகையைத் திருப்பித் தந்தது. நுழைவுக் கட்டணம் இருவருக்கும் திரும்பவில்லை.

இனி யாராவது இத்தகைய அழைப்பைப் பெற்றால், பணம் கட்டுவதற்கு முன் நடுவர் பட்டியலிலிருந்து மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களது சொந்த இணையதளத்திலோ சமூக ஊடகப் பக்கத்திலோ அந்தப் போட்டியைப் பற்றி அவர்களே எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். உண்மையாகப் பணியாற்றும் நடுவர் பெரும்பாலும் ஒரு வரியாவது எழுதியிருப்பார். எழுதவில்லை என்றால் நேராகக் கேளுங்கள். என் அனுபவத்தில் ஏறத்தாழ பாதிப் பேர் பதில் தருகிறார்கள். ஃபியாப் அங்கீகாரம் உண்டு என்று போட்டிருந்தால் அதற்கான எண்ணை ஃபியாப் தளத்திலேயே சரிபாருங்கள், போட்டியின் பக்கத்தில் உள்ள முத்திரையை நம்பாதீர்கள். சென்ற ஆண்டு விருது பெற்றோர் பட்டியலைத் திறந்து ஒரு பிரிவில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். உங்களோடு சேர்ந்து அனுப்பிய எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்திருந்தால், தயவுசெய்து அடுத்து வரும் கட்டணக் கடிதத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

ஐந்தாவது கடிதத்துக்குப் பிறகு, ஏழு வாரம் கழித்து, அந்த அம்மாவின் படம் விற்பனைப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. நான் அகஸ்தியன்பள்ளிக்குப் போய் நடந்ததை அவரிடம் சொன்னேன். எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். ஃபோகஸ் தவறிய அந்தப் படம் இன்றும் விருது பெற்றவற்றின் வரிசையில், 14 நடுவர்களின் முகங்களுக்குக் கீழே இருக்கிறது.